பேஸ் கித்தாருக்கு ஏற்ற ஒலிப்பெட்டி எது?

நம் இல்லங்களில் வீணையும் வயலினும் மிருதங்கமும் பயிலும் பிள்ளைகள் இன்றும் உளர். அவர்களோடு கித்தாரும் டிரம்ஸும் பயிலும் பிள்ளைகளும் பெருகியுள்ளனர். இவர்களுள் பேஸ் கித்தார் வாசிக்கும் பிள்ளையைப் பெற்றவர்க்கு ஒரு தனித் தொல்லை உண்டு. மற்றக் கருவிகளைத் தோளில் மாட்டிக்கொண்டு புறப்பட்டுவிடலாம். பேஸ் கித்தாரோ தனக்குரிய ஆம்ப்ளிபையரும் ஸ்பீக்கர் பெட்டியும் இல்லாமல் வாய் திறவாது. அப்பெட்டியின் எடை ஆளையே அழுத்திவிடும்.

இதனை நாம் ஏட்டில் படித்து அறிந்ததன்று, பட்டே அறிந்தது. பிரேசர் டவுனில் கோல்ஸ் ரோட்டை அடுத்த குறுகிய தெரு ஒன்றில், இரண்டாம் மாடியில் எம் இல்லம் உள்ளது. எம் தமையனார் மகன் சில ஆண்டுகளுக்கு முன் பழைய வால்வு ஆம்ப்ளிபையர் ஒன்றையும், ஆளுயரப் பெட்டி ஒன்றையும் மலிவாகக் கிடைத்ததென்று வாங்கி வந்தான். படிக்கட்டின் திருப்பத்தில் பெட்டி நழுவியது. பிள்ளையின் மணிக்கட்டு சுவரோடு நசுங்கிற்று. மூன்று வாரம் அவன் கித்தாரைத் தொடவில்லை. அதற்குள் அவன் ஆவலோடு காத்திருந்த கல்லூரிக் கச்சேரி வேறொருவன் கைக்குப் போயிற்று. "சித்தப்பா, விலை மலிவு என்று பார்த்தேனே, எடையைப் பார்க்கவில்லையே" என்று அவன் வருந்தியது இன்னும் எம் செவியில் உள்ளது. நம் சங்கத்து அன்பர் இல்லங்களில் இத்தகைய இடர் நேராதிருக்க, நாம் விசாரித்தும் பழகியும் அறிந்தவற்றை ஈண்டு தொகுத்துரைக்கின்றோம்.

பேஸ் கித்தாரின் பணி

மிருதங்கத்தின் இடப்பக்கத்தில் ரவையைக் குழைத்து அப்பி ஒலியைத் தாழ்த்துவதை நாம் அறிவோம். நாகசுரத்துக்கு ஒத்து நின்று சுருதி காப்பதையும் அறிவோம். ராக் இசையில் இவ்விரு பணிகளையும் ஒருங்கே ஏற்பது பேஸ் கித்தார். டிரம்ஸோடு தாளத்தையும், கித்தாரோடு சுரத்தையும் பிணைத்து நிறுத்துவது அதுவே. தமிழ்த் திரையிசை கேட்டு வளர்ந்தவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. இளையராஜா பாடல்களின் அடியில் ஓடும் சசிதரனின் பேஸ் கித்தாரும், ஏ. ஆர். ரகுமான் பாடல்களில் கீத் பீட்டர்ஸ் வாசித்ததும் நம் காதுகளுக்குப் பழக்கமானவை.

முன்னாளில் மேனாட்டு இசைக்குழுக்களில் ஆளுயர டபிள் பேஸே இப்பணியைச் செய்தது. 1951இல் அமெரிக்கரான லியோ பெண்டர் பிரிசிஷன் பேஸ் என்னும் மின்கருவியைச் சந்தைக்குக் கொணர்ந்தார். மறு ஆண்டே அதற்கென பேஸ்மேன் என்னும் ஆம்ப்ளிபையரும் வந்தது. கருவி சிறுத்தது, ஆனால் பெட்டி பிறந்தது.

நம் பேட்டையும் ராக் இசையும்

1809இல் பெங்களூரில் கண்டோன்மென்ட் அமைந்தபோது படையோடும் படைக்கு வேண்டிய தொழில்களோடும் வந்த தமிழர் பலர். 1898இல் பிளேக்கு நோய் நகரை வாட்டியது. அதன்பின், நெருக்கம் குறைந்த காற்றோட்டமான குடியிருப்பாக இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது பிரேசர் டவுன். மைசூர் இளவரசர்க்கு ஆசிரியராகவும் பின்னர் ரெசிடெண்டாகவும் இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயரை அது பெற்றது. இன்று புலிகேசி நகர் என்னும் பெயரும் அதற்கு உண்டு. தமிழரும், உருது பேசும் முஸ்லிம்களும், ஆங்கிலோ இந்தியரும், கன்னடியரும் அடுத்தடுத்து வாழும் இடம் இது. தேவாலயப் பாடகர் குழுக்களும் கித்தாரும் இங்குப் பழகியவை. அண்டை வீட்டிலிருந்து பாங்கொலியும் ஆலயமணியும் கித்தாரும் ஒரே மாலையில் கேட்கலாம்.

ராக் இசைக்குப் பெங்களூர் நெடுநாளாகப் பேர் பெற்றது. 2007 மார்ச்சில் அரண்மனை மைதானத்தில் அயர்ன் மெய்டன் குழு வாசித்தது. அக்குழுவை 1975இல் நிறுவிய ஸ்டீவ் ஹாரிஸ் பேஸ் கித்தார் வாசிப்பவர் என்பதை நம் இளைஞர் பெருமையோடு நினைவூட்டுவர். 2011 அக்டோபரில் மெட்டாலிக்கா குழுவும் அதே மைதானத்துக்கு வந்தது. அவற்றைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளே இன்று நம் மாடிப்படிகளில் பெட்டி சுமக்கின்றனர்.

எடை எங்கிருந்து வந்தது?

1969இல் ஆம்பெக் நிறுவனம் எஸ்.வி.டி. என்னும் ஆம்ப்ளிபையரை வெளியிட்டது. அதன் ஆற்றல் 300 வாட். பெரிய அரங்குகளில் பேஸ் ஒலி அமிழ்ந்துவிடாதிருக்கச் செய்யப்பட்ட அஃது ராக் இசையின் இலக்கணமாகவே ஆயிற்று. அவ்வழியில் பின்னர் வந்த சி.எல். என்னும் மாதிரியின் எடை ஏறக்குறைய 36 கிலோ. அதனோடு சேரும் எட்டு ஸ்பீக்கர் பெட்டி 63 கிலோவுக்கும் மேல். இரண்டும் சேர்ந்தால் ஒரு மூட்டை அரிசியை விட மிகுதி.

இவ்வெடைக்குக் காரணம் நான்கு. மின்சாரத்தை மாற்றித்தரும் இரும்பு, செம்புச் சுருள் டிரான்ஸ்பார்மர் ஒன்று. வீணாகும் வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் தகடுகள் இரண்டு. ஸ்பீக்கரின் பின்னுள்ள பெரைட் காந்தம் மூன்று. தடித்த மரப்பெட்டி நான்கு.

இந்நான்கிற்கும் இன்று மாற்று வந்துவிட்டது. ஸ்விட்சிங் முறை மின்வழங்கி, 50 சுழற்சி மின்சாரத்தைப் பல்லாயிரக்கணக்கான சுழற்சியாக மாற்றிக்கொள்கிறது. ஆதலின் உள்ளங்கையளவு டிரான்ஸ்பார்மர் அதற்குப் போதும். 'டி' வகை ஆம்ப்ளிபையரில் டிரான்சிஸ்டர்கள் விநாடிக்கு இலட்சக்கணக்கான முறை முழுதும் திறந்து முழுதும் மூடுகின்றன. பாதி திறந்த நிலையில் நில்லாமையால் வெப்பமாக வீணாவது சிறிது. பெறும் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்கு வரை ஒலிக்கே பயன்படுகிறது. 1980களில் வந்த நியோடிமியம் காந்தம், சிறிய அளவிலேயே பெரிய வலிமை தருவது. பெட்டிக்கும் எடை குறைந்த பிளைவுட் வந்துள்ளது. ஆகவே முன்பு இருவர் தூக்கிய ஆம்ப்ளிபையர் இன்று இரண்டு மூன்று கிலோவில் கைப்பைக்குள் அடங்குகிறது. ஆம்ப்ளிபையரும் ஸ்பீக்கரும் ஒன்றாய் அமைந்த காம்போ வகையிலும் இவ்வாறே. பெண்டர் ரம்பிள் 500 என்னும் மாதிரி, பத்து அங்குல ஸ்பீக்கர் இரண்டோடும் 16.6 கிலோதான்.

ஆயினும் இயற்கையின் விதியை எவரும் ஏமாற்ற இயலாது. கே.எல்.எச். என்னும் ஸ்பீக்கர் நிறுவனத்தை நிறுவிய மூவருள் ஒருவரான ஹாப்மன் கூறிய விதி ஒன்று உண்டு. பெட்டி சிறிதாக இருத்தல், தாழ்ந்த ஒலி வரை எட்டுதல், குறைந்த வாட்டில் உரக்க ஒலித்தல் ஆகிய மூன்றில் இரண்டையே ஒருசேரப் பெறலாம் என்பதே அது. எனவே எடை குறைந்த பெட்டியை நாடுவோர் தக்கது. மிகச் சிறிய பெட்டியை நாடுவோர் ஏமாறுவர்.

வாட் எத்தனை?

பேஸ் கித்தாரின் தடித்த கம்பி விநாடிக்கு ஏறக்குறைய 41 முறை அதிர்வது. ஐந்து கம்பிக் கருவியில் இஃது 31 வரை இறங்கும். இத்துணைத் தாழ்ந்த ஒலியை நம் காது எளிதில் உணராது. ஆதலின் அதனை எழுப்ப மிகுந்த ஆற்றல் வேண்டும்.

இங்கே ஒரு கணக்கை நினைவில் கொள்க. வாட் இருமடங்கானால் ஒலி 3 டெசிபெல்லே ஏறும். காதுக்கு இருமடங்கு உரப்பாகத் தோன்ற வாட் ஏறத்தாழப் பத்து மடங்காக வேண்டும். ஆகவே 300 வாட்டுக்கும் 500 வாட்டுக்கும் உள்ள வேற்றுமை விலைச்சீட்டில் பெரிது, காதில் சிறிது. ஸ்பீக்கர் பெட்டியின் உணர்திறன் 3 டெசிபெல் கூடுதலாயின், பாதி வாட்டில் அதே ஒலி கிட்டும். இவ்வெண்ணையும் கடைக்காரரிடம் கேட்டு அறிக.

வீட்டுப் பயிற்சிக்கு 20 முதல் 40 வாட் ஏராளம். ஓங்கி அடிக்கும் டிரம்ஸோடும் இரண்டு கித்தாரோடும் ராக் வாசிக்க 300 முதல் 500 வாட் தேவை என்பதே பழகியவர்கள் கருத்து. பெரிய அரங்கில் பெட்டியின் ஒலியே அனைவர்க்கும் எட்ட வேண்டுவதில்லை. ஆம்ப்ளிபையரின் பின்புறம் டி.ஐ. என்னும் வெளிவாய் இருப்பின், அதிலிருந்து கம்பி வழியாக அரங்கின் பொது ஒலிபெருக்கிக்கு இசை செல்லும். மேடைப் பெட்டி வாசிப்பவர்க்குக் கேட்டாற் போதும். இவ்வெளிவாய் இல்லாத ஆம்ப்ளிபையரை வாங்கற்க.

ஓம் என்னும் கணக்கு

500 வாட் என்று அட்டையில் அச்சிட்டிருப்பதைக் கண்டு மயங்கலாகாது. பெரும்பாலும் அஃது 4 ஓம் சுமைக்கு உரிய எண். 8 ஓம் பெட்டி ஒன்றை மட்டும் இணைத்தால் ஆற்றல் குறையும். முன்னர்க் கூறிய ரம்பிள் 500, தன் ஸ்பீக்கர்களோடு மட்டும் இயங்கும்போது 350 வாட்டே தரும்; வெளிப்பெட்டி ஒன்றைச் சேர்த்தால்தான் 500.

8 ஓம் பெட்டிகள் இரண்டைச் சேர்த்தால் 4 ஓம் ஆகும். மூன்றைச் சேர்த்தால் 3 ஓமுக்கும் கீழே இறங்கும். ஆம்ப்ளிபையர் தாங்கும் குறைந்த அளவுக்குக் கீழே சென்றால் அது சூடேறி நின்றுவிடும், அல்லது கெடும். முதலில் 8 ஓம் பெட்டி ஒன்றை வாங்கி, கச்சேரிகள் பெருகிய பின் அதே போன்ற மற்றொன்றைச் சேர்ப்பது குடும்பச் செலவுக்கு ஏற்ற வழி. ஒவ்வொன்றையும் ஒரு கையால் தூக்கலாம் என்பதும் நன்மை.

அண்டை வீட்டாரும் நம் காதும்

தாழ்ந்த ஒலி சுவரால் தடைபடுவதில்லை. சன்னலை மூடினும் பேஸ் ஒலி தளத்தின் வழியே கீழ்வீட்டாரின் கட்டிலை எட்டும். 2000ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குரிய அளவு பகலில் 55 டெசிபெல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபெல். விதியினும் பெரிது அயலாரின் நட்பு. கீழ்வீட்டில் நோயாளியோ, தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையோ, நோன்பிருந்து களைத்துத் துயிலும் பெரியவரோ இருக்கலாம். எனவே வீட்டில் ஹெட்போனில் வாசிக்கும் வசதி உள்ள ஆம்ப்ளிபையரையே தேர்க. பெட்டியைத் தரையில் நேரே வையாமல் தடித்த நுரைப்பலகை மேல் வைத்தலும், மூலையை விட்டு விலக்கி வைத்தலும் அதிர்வைக் குறைக்கும்.

பிள்ளையின் காதும் நம் பொறுப்பே. 85 டெசிபெல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரம் தாங்கலாம் என்றும், ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் அந்நேரம் பாதியாகும் என்றும் அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனம் கணித்துள்ளது. 100 டெசிபெல்லில் அது 15 நிமிடமே. ராக் குழுவின் பயிற்சி அறையில் அவ்வளவை எட்டுவது எளிது. ஆம்ப்ளிபையர் வாங்கும் நாளிலேயே காதடைப்பானும் வாங்குக.

வெளிநாட்டிலிருந்து வருவன

நம் குடும்பங்களில் அமெரிக்காவில் மகனோ மருமகனோ இல்லாத வீடு குறைவு. இரண்டு கிலோ ஆம்ப்ளிபையர் பயணப் பெட்டியில் வந்துவிடும் என்பதால் அங்கிருந்து வருவிக்கும் ஆசை இயல்பே. அங்குள்ள மின்சாரம் 120 வோல்ட், நம்முடையது 230. 100 முதல் 240 வரை என்று பின்புறத்தில் அச்சிட்டிருந்தால் அச்சமில்லை. மாற்றும் ஸ்விட்ச் இருப்பின் முதலில் அதனை மாற்றுக. 120 மட்டும் எனக் கண்டால் வாங்காதிருத்தலே நன்று. அதற்கெனத் தனி டிரான்ஸ்பார்மர் வாங்கினால், குறைந்த எடை மீண்டும் கூடிவிடும். இரைச்சல் நீங்கும் என்று எண்ணி மூன்றாம் முள்ளாகிய எர்த் இணைப்பைத் துண்டிப்பார் உளர். கம்பியைத் தொட்டு வாசிப்பவன் நம் பிள்ளை என்பதை மறக்கலாகாது. அதனை ஒருபோதும் செய்யற்க.

பழுது பார்ப்பதையும் எண்ணுக. பழைய வால்வுப் பெட்டியை எஸ்.பி. ரோட்டில் உதிரி வாங்கிக் கைதேர்ந்தவர் சீராக்கிவிடுவார். புதிய வகையில் பொடிப் பொடியான உறுப்புகள் பலகையோடு ஒட்டியிருப்பதால் பல வேளைகளில் பலகையையே மாற்ற நேரும். அந்நிறுவனத்துக்கு இந்நாட்டில் பழுதுபார்க்கும் ஏற்பாடு உண்டா என்று கேட்டபின் பணம் கொடுக்க.

கடையில் சோதித்தல்

பிள்ளை தன் கித்தாரையே எடுத்துச் செல்லட்டும். தடித்த கம்பியை வாசித்துவிட்டுப் பத்தடி பின்னே நின்று கேட்கட்டும். தனியே வாசிக்கையில் அடியொலியையும் மேலொலியையும் ஏற்றி நடுவொலியைக் குறைத்தால் இனிக்கும். டிரம்ஸும் கித்தாரும் சேர்ந்தவுடன் அவ்வொலி மறைந்துபோகும். ராக் இசையில் பேஸைக் காட்டிக்கொடுப்பது நடுவொலியே. ஆதலின் திருகுகள் அனைத்தையும் நடுவில் வைத்தே முதலில் கேட்க வேண்டும். இறுதியாக, கடையின் படிக்கட்டில் பெட்டியை ஒருமுறை தானே தூக்கி ஏறி இறங்கட்டும்.

எம் தமையனார் மகன் பழைய பெட்டியை விற்றான். மூன்று கிலோவுக்கும் குறைந்த ஆம்ப்ளிபையர் ஒன்றையும், பத்து அங்குல நியோடிமியம் ஸ்பீக்கர் இரண்டு கொண்ட 8 ஓம் பெட்டி ஒன்றையும் வாங்கினான். பழைய வால்வின் கனிந்த குரல் இதில் இல்லை என்று இன்றும் அவன் சிறிது குறைபடுவதுண்டு, அக்குறை மெய்யே. ஆனால் கச்சேரி முடிந்து நள்ளிரவில் திரும்பும்போது, எவரையும் எழுப்பாமல், ஒரு கையில் பெட்டியும் தோளில் கித்தாருமாகத் தானே மாடியேறி வருகிறான். அண்ணியார் கதவருகே விளக்கோடு நிற்பது மட்டும் மாறவில்லை.