மறைந்த நடிகர் ஓட்டிய புதிய கார்

1997ஆம் ஆண்டு ஐரோப்பாவில் தொலைக்காட்சி விளம்பரம் ஒன்று காட்டப்பெற்றது. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரத்து மேடுபள்ளமான வீதிகளிலே, புகழ்பெற்ற நடிகர் ஸ்டீவ் மக்குயீன், ஃபோர்ட் நிறுவனத்தாரின் 'பூமா' என்னும் புதிய காரை ஓட்டிச் செல்கின்றார். இதில் என்ன புதுமை என்று வாசகர் வினவலாம். மக்குயீன் 1980ஆம் ஆண்டிலேயே, தமது ஐம்பதாவது வயதில், காலமாகிவிட்டார்!

1968இல் வெளிவந்த 'புல்லிட்' என்னும் படத்திலே, அவர் இதே நகரில் பச்சை நிற மஸ்டாங் காரொன்றை ஓட்டிப் பகைவரைத் துரத்துவார். சுமார் பத்து நிமிடம் நீளும் அக்காட்சி உலகெங்கும் பேர்பெற்றது. பழைய படச்சுருளிலிருந்து அவருடைய உருவத்தை எடுத்து, புதிய காரினுள்ளே கணினியின் துணைகொண்டு அமர்த்திவிட்டனர். ஈற்றில் அவர் காரை நிறுத்தும் கொட்டகையிலே அந்தப் பழைய மஸ்டாங்கும் நிற்கின்றது. (படத்திலேயே ஆபத்தான ஓட்டங்கள் சிலவற்றை அவருக்காகச் செய்தவர் பட் எக்கின்ஸ் என்னும் வேறொருவர். அவரை யார் நினைக்கின்றார்கள்?)

பதினெட்டு வயதில் அப்படத்தைக் கண்டவனுக்கு 1997இல் நாற்பத்தேழு வயது. கையிலே சிறிது பணமும் இருக்கும். அவனுக்கு விற்கப்படுவது காரா? அவனுடைய பதினெட்டாம் வயதன்றோ! நாமும் நாற்பதைக் கடந்தவர்களாதலின் இவ்வலையின் இனிமையை அறிவோம்.

வகுப்பிலே இதனைக் கூறியபோது மாணவன் ஒருவன், "சேர், அவரைக் கேட்டார்களா?" என்றான். நமக்கு உடனே விடை எழவில்லை.

2010இல் சித்ரோயன் நிறுவனத்தார் தமது டீஎஸ்3 காருக்கு, 1980இல் கொலையுண்ட பாடகர் ஜோன் லெனனின் பழைய படத்துண்டைப் பயன்படுத்தினர். பழமையை நினைந்து ஏங்குவானேன் என்று அவர் அதிலே கேட்கின்றார். பழமையைக் கடியவும் இறந்தவர் ஒருவரையே அழைக்க வேண்டியிருந்தது! அன்பர்கள் பலர் சினந்தனர். தந்தையை இளைஞர் மறவாதிருக்கவே தாயார் இசைந்தார், பணத்துக்காகவன்று என மகன் சோன் விளக்கினார். அவ்விளக்கத்தை நாம் ஐயுறவில்லை. ஆயினும் மாணவன் கேட்ட கேள்வி அப்படியே நிற்கின்றது.

மக்குயீன் தாமே கேட்ட ஒன்றும் உண்டு. 'புல்லிட்' படத்தில் ஓட்டிய மஸ்டாங்கைத் தமக்கு விற்கும்படி, அதனை வைத்திருந்தவருக்கு 1977இல் அவர் கடிதம் எழுதினார். அவர் கொடுக்கவில்லை. 2020 ஜனவரியில் அந்தக் கார் ஏலத்திலே 37 இலட்சத்து 40 ஆயிரம் டொலருக்கு விலைபோயிற்று.