11 ஏன் 5 ஆகிறது?

வைஃபை ரவுட்டர் பெட்டியில் அச்சடித்திருக்கும் வேகத்தை வீட்டில் யாரும் பார்த்ததில்லை. பழைய 802.11பி தரத்தில் விநாடிக்கு 11 மெகாபிட் என்று போட்டிருக்கும். ஒரு கோப்பை இறக்கினால் 5-ஐத் தாண்டாது. அடுத்து வந்த 802.11ஜி-யில் 54 என்றிருக்கும். 20 சொச்சம் கிடைத்தாலே அதிகம். கம்பெனிக்காரன் ஏமாற்றுகிறான் என்று தோன்றும். விளம்பரத்தில் அந்தக் குணம் கொஞ்சம் உண்டுதான். ஆனால் காணாமல் போன வேகத்தில் பெரும்பகுதிக்குக் கணக்கு இருக்கிறது. ஒரு தாளில் போட்டுப் பார்த்துவிடலாம்.

பெரம்பலூர், அரியலூர் மாவட்ட வாசகர்களுக்கு இந்தக் கணக்கு இப்போது தேவைப்படும். பாரத்நெட் திட்டமும் மாநில அரசின் டான்ஃபிநெட் நிறுவனமும் ஃபைபரை ஊராட்சி வரை கொண்டுவரத்தான் ஏற்பட்டவை. அங்கிருந்து பள்ளிக்கூடத்து மேசைக்கும் இ-சேவை மையத்துக்கும் உங்கள் போனுக்கும் தகவல் வந்து சேர்வது பெரும்பாலும் காற்று வழியாக. தடுமாற்றமெல்லாம் அந்தக் கடைசித் துண்டில்தான்.

802.11பி-யையே எடுத்துக்கொள்வோம், கணக்கு எளிது. ஒரு முழு பாக்கெட் என்பது 1500 பைட். 11 மெகாபிட் வேகத்தில் அது காற்றில் போக 1.1 மில்லிவிநாடி ஆகும். ஆனால் அனுப்பும் கருவி எடுத்தவுடன் அனுப்பிவிடாது. வேறு யாராவது பேசுகிறார்களா என்று கேட்டு, பிறகு குலுக்கல் முறையில் ஓர் எண்ணை எடுத்து அதுவரை காத்திருக்கும். இதற்குச் சராசரியாக 0.36 மில்லிவிநாடி. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் முன்னால் ஒரு முன்னோட்ட சமிக்ஞை, 0.19. வாங்கிய கருவி 'வந்தது' என்று திருப்பி அனுப்பும் ஒப்புகைக்கு அதன் முன்னோட்டத்தையும் சேர்த்து 0.25-க்கு மேல். ஆக மொத்தம் 1.9 மில்லிவிநாடி.

இதோடு விடவில்லை. இணையத்தில் கோப்பு, பக்கம், பணப் பரிமாற்றம் ஆகியவற்றைப் பெரும்பாலும் சுமப்பது டிசிபி என்ற நெறிமுறை. அது வைஃபையின் ஒப்புகையை நம்பாது, தனக்கென்று தனி ஒப்புகை கேட்கும். அதன் அளவு 40 பைட்தான். ஆனாலும் காத்திருப்பு, முன்னோட்டம், ஒப்புகைக்கு ஒப்புகை என்று அதே சடங்கெல்லாம் அதற்கும் உண்டு, கிட்டத்தட்ட 0.87 மில்லிவிநாடி ஓடிவிடும். இரண்டு பாக்கெட்டுக்கு ஓர் ஒப்புகை என்று வைத்தால், தலைப்புத் தகவல் போக மிஞ்சும் 1460 பைட் சரக்குக்கு 2.36 மில்லிவிநாடி செலவு. வகுத்துப் பார்த்தால் விநாடிக்கு 4.9 மெகாபிட். 11 போய் 5 வந்தது இப்படித்தான்.

2009-இல் வந்த 802.11என் தரம் இந்தச் சடங்குச் செலவைக் குறைக்கத்தான் பல பாக்கெட்டுகளை ஒரே கட்டாகக் கட்டி ஒரே ஒப்புகையோடு அனுப்பியது. வெறும் வேகத்தை மட்டும் ஏற்றியிருந்தால் பெரிய பலன் இருந்திருக்காது. பேச்சு நேரம் குறையும், காத்திருப்பு அப்படியே கிடக்கும்.

இத்தனையும் ஒரே ஆள் இருக்கும் வீட்டுக்கு. முப்பது மாணவர்கள் இருக்கும் விடுதிக் கூடத்தில் என்ன நடக்கும்? இத்தாலியரான ஜியூசெப்பே பியாங்கி 2000-இல் வெளியிட்ட கணித மாதிரிதான் இதற்கு அடிப்படை. எல்லாக் கருவியிடமும் எப்போதும் அனுப்ப ஏதாவது இருக்கிறது என்று அவர் எடுத்துக்கொண்டார். அப்படியானால் ஆள் கூடக் கூட மோதலும் கூடும், மொத்த வேகம் சரியும். ஆனால் டிசிபி-யில் இறக்கும் மாணவனின் போனுக்கு அனுப்ப என்ன இருக்கிறது? ரவுட்டர் ஒரு பாக்கெட் கொடுத்தால்தான் அதனிடம் ஓர் ஒப்புகை பிறக்கும். ரவுட்டருக்குக் காற்று கிடைக்காதபோது போன்களும் சும்மா இருக்கும். இத்தாலியின் பீசா நகர ஆய்வாளர்களும், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் அனுராக் குமார் குழுவினரும் இதைக் கணக்கில் கொண்டபோது, முப்பது பேர் இருந்தாலும் ஒரு நேரத்தில் காற்றுக்குப் போட்டியிடுவது ஏறத்தாழ இரண்டு கருவிதான் என்று தெரிந்தது. கூட்டத்தால் மொத்த வேகம் சரியவில்லை. இருப்பதை முப்பதாகப் பங்கு போடுகிறோம், அவ்வளவுதான்.

மொத்த வேகத்தையே சரிய வைப்பது வேறொன்று. மூலையில், இரண்டு சுவர் தள்ளி, சிக்னல் மங்கிய ஒரு போன். அதன் வேகம் 1 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். வைஃபை எல்லாருக்கும் சமமான முறைகளைத் தருகிறதே தவிர, சமமான நேரத்தைத் தருவதில்லை. அந்த ஒரு போன் தன் முறை வந்ததும் 13 மில்லிவிநாடி பிடித்துக்கொள்ளும். அரியலூர்ச் சாலையில் சுண்ணாம்புக்கல் லாரிக்குப் பின்னால் மாட்டிய பைக் எத்தனை சிசி என்பது முக்கியமில்லை. அதே நிலைதான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மற்றவர்களுக்கும். நான்கு பேர் தலைக்கு ஒன்றேகால் மெகாபிட் வாக்கில் அனுபவித்த இடத்தில் இந்த ஐந்தாவது ஆள் சேர்ந்தால் ஐவருக்கும் 0.5 வாக்கில்தான் வரும். பிரான்சின் கிரனோபிள் ஆய்வாளர்கள் 2003-இல் காட்டிய குறை இது. விடுதி நிர்வாகிகள் ஆட்களின் எண்ணிக்கையை எண்ணுகிறார்கள். எண்ண வேண்டியது மூலையில் இருப்பவர்களை.

இனி டிசிபி-யின் சுபாவம். 1986-இல் கலிஃபோர்னியாவில், சில நூறு கெஜ தூரத்தில் இருந்த இரண்டு இடங்களுக்கு நடுவே இணைய வேகம் 32 கிலோபிட்டிலிருந்து 40 பிட்டுக்கு விழுந்தது. அதைப் பார்த்த ஆய்வாளர் வான் ஜேக்கப்சன் 1988-இல் கொடுத்த மருந்து: பாக்கெட் தொலைந்தால் நெரிசல் என்று எடுத்துக்கொள், வேகத்தைப் பாதியாக்கு. கம்பியில் இது சரியான ஊகம். காற்றில் பாக்கெட் தொலைய நெரிசலே வேண்டாம். தடித்த சுவரோ மைக்ரோவேவ் அடுப்போ போதும். டிசிபி-க்கு அது தெரியாது. 1997-இல் மாத்திஸ் முதலானோர் தந்த சூத்திரத்தின்படி, போய்வரும் நேரம் 50 மில்லிவிநாடி, நூற்றுக்கு ஒரு பாக்கெட் தொலைவு என்றால் வேகம் 2.9 மெகாபிட்டுக்கு மேல் போகாது, ஃபைபரில் எத்தனை நூறு மெகாபிட் ஓடினாலும்.

சென்னை ஐஐடி-யில் படித்த ஹரி பாலகிருஷ்ணன் 1995-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது சகாக்களோடு 'ஸ்னூப்' என்ற வழியைச் சொன்னார். கம்பியும் காற்றும் சேரும் இடத்திலேயே பாக்கெட்டின் நகல் வைத்துக்கொண்டு, தொலைந்தால் அங்கிருந்தே மறுபடி அனுப்பி, தூரத்து சர்வருக்குச் சேதியே போகாமல் பார்த்துக்கொள்வது. வைஃபையும் தன் பங்குக்குச் சில முறை தானே மறுபடி அனுப்பிப் பார்க்கும். அதனால் இழப்பு குறைகிறது, தாமதம் கூடுகிறது. வீடியோ அழைப்பில் முகம் உறைந்து, பிறகு தடதடவென ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தூரம் கூடினால் வைஃபையின் இந்தச் சுயமுயற்சியே வினையாகிறது. பெரம்பலூரிலிருந்து அரியலூர் நேர்க்கோட்டில் சுமார் 25 கி.மீ. இரண்டு ஊரிலும் கோபுரம் நட்டு வைஃபை ஆன்டெனா பூட்டினால் அலை போக 80 மைக்ரோவிநாடி, ஒப்புகை திரும்ப இன்னொரு 80. சில நூறு மீட்டருக்காக வடிவமைத்த கருவி அவ்வளவு நேரம் காத்திராது. சேர்ந்த பாக்கெட்டையே சேரவில்லை என்று மீண்டும் மீண்டும் அனுப்பும்.

தமிழ்நாட்டில் இதைத் தீர்த்துக் காட்டிய இடம் தேனி. அரவிந்த் கண் மருத்துவமனையின் மருத்துவர்கள் அங்கிருந்தபடியே கிராமப்புறக் கண் மையங்களின் நோயாளிகளை வீடியோவில் பார்க்க, பெர்க்லியின் எரிக் புரூவர் குழு தொலைதூர வைஃபை இணைப்புகளை அமைத்தது. இருபக்கமும் குலுக்கலை விட்டுவிட்டு முறை வைத்துப் பேசும்படி அவர்கள் மாற்றி எழுதிய 'வைல்ட்நெட்', வழக்கமான வைஃபையைவிட 2 முதல் 5 மடங்கு வேகம் தந்ததாக 2007-இல் அறிவித்தார்கள். அடுத்த ஆண்டுக் கட்டுரையில் அவர்கள் அதிகம் எழுதியது வேறொன்றைப் பற்றி: மோசமான மின்சாரம் கருவிகளைப் பழுதாக்கியதைப் பற்றி. எந்தக் கணித மாதிரியிலும் அதற்கு ஓர் எழுத்து ஒதுக்கப்படவில்லை.

உங்கள் ஊரில் நெட் சுற்றிக்கொண்டே நின்றால் முதலில் கம்பியைச் செருகி வேகத்தைப் பாருங்கள். அதிலும் மோசமென்றால் புகார் கொடுங்கள். கம்பியில் நன்றாக வந்தால் பெரிய பிளானுக்குப் பணம் கட்ட வேண்டாம். ரவுட்டரை நடுவில் வையுங்கள், மூலையில் இருப்பவருக்கு இரண்டாவது ரவுட்டரைக் கம்பி இழுத்துக் கொடுங்கள்.