21 நாள் கணக்கு: கடலோரக் குழந்தைகளின் படிப்பும் மருத்துவமும்

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கு நோக்கிச் செல்வோர், கோட்டக்குப்பத்தைக் கடந்ததும் சின்ன முதலியார்சாவடியையும் பெரிய முதலியார்சாவடியையும் காண்பர். சாலைக்குக் கிழக்கே மீனவர் குடியிருப்புகளும் கடலும். மேற்கே சவுக்கு, முந்திரித் தோப்புகளும் ஆரோவில்லும். இன்னும் வடக்கே சென்றால் கழுவெளியின் நீர்ப்பரப்பும், அதையடுத்து மரக்காணத்து உப்பளங்களும் தொடங்கும். இக்கடலோரத்துக் குழந்தைகளுக்கு மருத்துவம் பார்க்கும் நாங்கள் எங்களுக்குள் அடிக்கடி கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு. நோய் கண்டறியப்பட்டு, மருந்தும் இலவசமாகக் கிடைத்து, பெற்றோரும் அக்கறையுடன் இருக்கும்போது, ஒரு குழந்தையின் சிகிச்சை ஏன் பாதியில் நின்றுபோகிறது?

இதற்கான விடை பெரும்பாலும் மருத்துவமனைக்கு வெளியே இருக்கிறது. அதனைக் கண்டறிந்து சீர்செய்வதே குழந்தைகளுக்கான அறப்பணிகளின் உண்மையான வேலை என நாங்கள் கருதுகிறோம். நோயாளிகளின் குடும்பத்தாரும், உதவ விரும்பும் அன்பர்களும் அறிந்துகொள்ள வேண்டிய சிலவற்றை இக்கட்டுரையில் பகிர்ந்துகொள்கிறோம்.

பிழைப்பின் நாட்காட்டி

உப்பளத் தொழில் வெயிலை நம்பியது. ஆண்டின் தொடக்கத்தில் பாத்திகளைச் சீரமைக்கத் தொடங்குவர். கோடையில் உப்பு வாருவது உச்சத்தை அடையும். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் வேலை நின்றுவிடும். வேலை உள்ள மாதங்களில் தாயும் தந்தையும் விடியுமுன்னே புறப்பட்டுவிடுவர். வீட்டில் தம்பி தங்கையைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பும் பொறுப்பு மூத்த பெண்ணின் மேல் விழுகிறது. அவளுடைய பள்ளிக்கூடம்தான் முதலில் தாமதமாகும். பிறகு ஒருநாள் நின்றுபோகும்.

மீனவக் குடும்பங்களின் கணக்கு வேறு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அவற்றில் வேலைக்குச் செல்வோர் வீட்டில் அந்நாட்களில் வருமானம் சுருங்கும். புதிய கல்வியாண்டின் செலவுகள் தலைகாட்டுவதும் அதே வேளையில்தான். நிலமற்ற கூலிக் குடும்பங்களும் இருளர் பழங்குடிக் குடும்பங்களும் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு இடம்பெயர்வதுண்டு. குழந்தையின் பள்ளிப் பதிவும் மருத்துவக் குறிப்பேடும் ஊரில் இருக்க, குழந்தை மட்டும் வேறு மாவட்டத்தில் இருக்கும்.

ஆகவே, ‘அடுத்த மாதம் வாருங்கள்’ என்று நாங்கள் எழுதிக்கொடுக்கும் தேதி, இந்த நாட்காட்டியோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

வகுப்பறையில் மறைந்திருக்கும் நோய்கள்

‘படிப்பு ஏறாத பிள்ளை’ என்று ஒதுக்கப்படும் குழந்தைகளில் சிலர் உண்மையில் நோயுற்ற குழந்தைகள். கரும்பலகை எழுத்து தெரியாத குழந்தை, தனக்குத் தெரியவில்லை என்பதையே அறியாது. எல்லோருக்கும் உலகம் அப்படித்தான் தெரிகிறது என எண்ணிக்கொள்ளும். கண்ணைச் சுருக்கிப் பார்த்தல், புத்தகத்தை முகத்தருகே பிடித்தல், தலையைச் சாய்த்துப் பார்த்தல் ஆகியவை பெற்றோர் கவனிக்க வேண்டிய அடையாளங்கள். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ‘கண்ணொளி காப்போம்’ திட்டம், பள்ளி மாணவர்களுக்குக் கண் பரிசோதனை செய்து விலையின்றிக் கண்ணாடி வழங்குவதற்காக ஏற்பட்டது.

காதில் சீழ் வடிவதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளும் வழக்கம் இன்னும் உள்ளது. காய்ச்சிய எண்ணெயை ஊற்றினால் சரியாகிவிடும் என நம்புவோரும் உளர். நாட்பட்ட சீழ் செவிப்பறையைத் துளைத்துக் கேட்கும் திறனைக் குறைக்கும். ஆசிரியர் சொல்வது பாதி கேட்டும் பாதி கேளாமலும் இருக்கும் குழந்தை, ‘கவனமில்லாத பிள்ளை’ என்று பெயர் வாங்கிக்கொண்டு கடைசி வரிசைக்குப் போய்விடும்.

இரத்தசோகை இன்னும் அமைதியான நோய். 5 முதல் 11 வயது வரையுள்ள குழந்தைக்கு ஹீமோகுளோபின் 11.5 கிராமுக்கும், 12 முதல் 14 வயது வரை 12 கிராமுக்கும் குறைந்தால் அது இரத்தசோகை என்பது உலக சுகாதார அமைப்பு வகுத்துள்ள அளவு. வெறுங்காலுடன் மணலிலும் சேற்றிலும் நடக்கும் குழந்தைகளுக்குக் கொக்கிப்புழுத் தொற்றும் சேர்ந்தால் சோர்வு இரட்டிப்பாகும். பள்ளியிலும் அங்கன்வாடியிலும் வழங்கப்படும் குடற்புழு நீக்க மாத்திரையையும், வளரிளம் பருவத்தினருக்கு வாரம் ஒருமுறை தரப்படும் இரும்புச்சத்து மாத்திரையையும் தவறவிடலாகாது.

ஊசியும் கூலியும்

இவை அனைத்தினும் எங்களை அதிகம் கவலைகொள்ளச் செய்வது ருமாட்டிக் காய்ச்சல். 5 வயது முதல் 15 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு, ஒருவகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் தொண்டைவலி வருகிறது. அது தானாகவே ஆறியும் விடுகிறது. இரண்டு மூன்று வாரங்கள் கழித்து முழங்கால், கணுக்கால் என ஒரு மூட்டிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும் வீக்கமும் காய்ச்சலும் தோன்றுகின்றன. கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கிய ஆற்றலே இதய வால்வுகளைத் தாக்குகிறது. நெருக்கமான சிறு வீடுகளில் பலர் சேர்ந்து வாழும் இடங்களில் இது எளிதில் பரவும். இதை ஏழ்மையின் இதயநோய் என்றும் மருத்துவ உலகம் குறிப்பிடுவதுண்டு.

இந்நோய் மீண்டும் மீண்டும் தாக்கும்போதுதான் வால்வு கெடுகிறது. அதைத் தடுக்க வழி உண்டு. பென்சாத்தின் பெனிசிலின் ஊசியை 21 நாட்களுக்கு ஒருமுறை தொடர்ந்து போட்டுக்கொள்ள வேண்டும். இதயம் பாதிக்கப்படாத குழந்தைக்குக் குறைந்தது 5 ஆண்டுகளேனும், 18 வயது வரையேனும், இவற்றுள் எது நீண்டதோ அதுவரை இது தேவைப்படும். இதயம் பாதிக்கப்பட்டிருந்தால் காலம் இன்னும் நீளும்.

இனிக் கணக்கிட்டுப் பாருங்கள். 21 நாட்களுக்கு ஒன்று எனில் ஆண்டுக்கு ஏறத்தாழ 17 ஊசிகள். பத்து ஆண்டுகளுக்கு 170க்கும் மேல். மருந்தின் விலை மிகக் குறைவு. அரசு மருத்துவமனையில் அதுவும் இல்லை. ஆனால் ஒவ்வோர் ஊசிக்கும் தாயின் ஒருநாள் கூலி போகிறது. குழந்தையின் ஒருநாள் வகுப்பு போகிறது. பேருந்துக் கட்டணம் தனி. வலிக்கும் ஊசிக்குக் குழந்தை வர மறுப்பதும் உண்டு. மூட்டுவலி நின்று, குழந்தை ஓடியாடும்போது, ‘நன்றாகத்தானே இருக்கிறாள்’ என்று குடும்பம் எண்ணுவதில் வியப்பில்லை. ஊசி நின்றபின் சில ஆண்டுகள் கழித்து, மூச்சுத் திணறலுடன் வரும் அதே குழந்தைக்கு வால்வு அறுவைச் சிகிச்சை பேச வேண்டியிருக்கிறது. சில பெண்களுக்கு முதல் கர்ப்பத்தின்போதுதான் இந்நோய் வெளிப்படுகிறது.

இங்கேதான் கல்வி உதவியும் மருத்துவ உதவியும் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதைக் காண்கிறோம். பள்ளிக்குத் தவறாமல் வரும் குழந்தையின் ஊசி நாளை ஆசிரியர் நினைவூட்ட முடியும். பள்ளியை விட்டு நின்ற குழந்தையை யாரும் தேடுவதில்லை. அதேபோல், ஊசி தவறிய குழந்தை நோயுற்று வகுப்பை இழக்கிறது; வகுப்பை இழந்தபின் பள்ளிக்குத் திரும்ப வெட்கப்படுகிறது.

ஒரு மருத்துவர் வகுத்த வழி

படிப்பையும் மருத்துவத்தையும் இணைத்துப் பார்க்கும் இந்த எண்ணம் தமிழகத்திற்குப் புதிதன்று. 1886இல் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். பின்னர் சென்னை மாகாணச் சட்டமன்ற மேலவையில் இடம்பெற்றபோது, பள்ளி மாணவர்களுக்கு முறையான மருத்துவப் பரிசோதனை நடத்தப்பட வேண்டும் என வலியுறுத்தினார். தேவதாசி முறையிலிருந்து விடுபட விரும்பி வந்த சிறுமியருக்குத் தம் வீட்டிலேயே இடமளித்தார். அவ்வாறு தொடங்கியதே அவ்வை இல்லம். அங்கே உணவும் உறைவிடமும் தந்ததோடு அவர் நிற்கவில்லை. அச்சிறுமியர் கல்வி பெற்று ஆசிரியராகவும் செவிலியராகவும் தம் காலில் நிற்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். அடையாற்றில் 1954இல் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனையும் அவர் முயற்சியின் பயனே.

பசித்த வயிற்றோடு பாடம் ஏறாது என்பதை உணர்ந்தவர்களின் வரலாறும் இதனோடு சேர்ந்தது. 1920இல் சென்னை மாநகராட்சிப் பள்ளியொன்றில் தொடங்கிய மதிய உணவு, 1956இல் காமராசர் ஆட்சியில் மாநிலம் முழுவதும் பரவியது, 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022 செப்டம்பர் 15 அன்று காலை உணவுத் திட்டமும் தொடங்கியது. விடியுமுன் பெற்றோர் உப்பளத்திற்குச் சென்றுவிடும் வீடுகளில் அந்தக் காலை உணவின் அருமை தெரியும்.

எங்கள் பகுதியிலும் இத்தகைய பணிகளுக்குக் குறைவில்லை. புதுச்சேரியில் 1962இல் பெல்ஜிய நாட்டுப் பெண்மணி ஒருவர் தொடங்கிய ‘வொலொந்தாரியா’ அமைப்பு, ஏழைக் குழந்தைகளின் கல்வியையும் உடல்நலத்தையும் சேர்த்தே கவனித்து வருகிறது. ஆரோவில்லின் சுகாதார மையம் சுற்றுவட்டக் கிராமங்களின் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தது. உள்ளூர்ப் பெண் ஒருவர் கதவைத் தட்டிக் கேட்கும் கேள்விக்கு எங்கள் கேள்வியைவிட உண்மையான பதில் கிடைக்கும்.

எத்தகைய உதவி நிலைக்கிறது?

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இக்கடலோரத்தைத் தாக்கியபின் உதவிகள் வெள்ளமெனக் குவிந்தன. 2011இன் தானே புயலுக்குப் பின்னும், 2024 நவம்பர் இறுதியில் கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலுக்குப் பின்னும் நல்லுள்ளங்கள் ஓடிவந்தன. அவை மறக்கத்தக்கவை அல்ல. ஆனால் பேரிடர் இல்லாத சாதாரண ஆண்டில்தான் 17 ஊசிகளும் போடப்பட வேண்டும். உடைந்த கண்ணாடி மாற்றப்பட வேண்டும். பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு முன் ஒரு பெண் பள்ளியிலிருந்து நிறுத்தப்படாமல் காக்கப்பட வேண்டும்.

ஆகவே, உதவ விரும்புவோரிடம் நாங்கள் வேண்டுவன சில. ஒருநாள் முகாம் நடத்துவோர், அங்கே கண்டறியப்பட்ட குழந்தை அடுத்த இடத்திற்குச் சென்றதா என்று பார்க்கும் பொறுப்பையும் ஏற்க வேண்டும். பலருக்குச் சிறிது கொடுப்பதைவிட, சிலருக்குப் பல ஆண்டுகள் துணைநிற்பது மேல். பேருந்துக் கட்டணம், உடன் செல்ல ஒருவர், இழந்த கூலிக்கு ஈடாக ஒரு சிறு தொகை ஆகிய இவையே பலமுறை மருந்தைவிட அதிகம் காக்கின்றன. உதவி பெறும் குழந்தையின் முகத்தைப் படமெடுத்துப் பரப்ப வேண்டா. நோயின் பெயரை ஊரறியச் சொல்ல வேண்டா. நாளை அதே குழந்தை அதே வகுப்பில் தோழர்களோடு அமர வேண்டியிருக்கிறது.

பெற்றோர் அறிந்துகொள்ள வேண்டியவை

தேசியச் சிறார் நலத்திட்டம் 2013இல் தொடங்கப்பட்டது. பிறவிக் குறை, சத்துக்குறைவு, நோய், வளர்ச்சித் தாமதம் ஆகிய நான்கையும் 18 வயது வரை கண்டறிய நடமாடும் மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறையும் அரசுப் பள்ளிக்கு ஒருமுறையும் வருவர். அன்று குழந்தையைத் தவறாமல் அனுப்புங்கள். அவர்கள் பரிந்துரைச் சீட்டுத் தந்தால் அதைப் பத்திரப்படுத்தி, காலந்தாழ்த்தாமல் மருத்துவமனைக்கு வாருங்கள்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள தமிழ்நாட்டுக் குடும்பங்கள், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். குடும்ப அட்டையும் வருமானச் சான்றிதழும் கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள மையத்தில் பதிவுசெய்ய வேண்டும். நோய் வரும்வரை காத்திராமல் முன்னதாகவே அட்டை பெற்றுக்கொள்ளுங்கள். முதலியார்சாவடி விழுப்புரம் மாவட்டம். அடுத்துள்ள காலாப்பட்டோ புதுச்சேரி யூனியன் பிரதேசம். எல்லை கடந்து மருத்துவம் பார்க்க நேர்ந்தால், உங்கள் அட்டை அங்கே செல்லுமா எனக் காப்பீட்டுப் பிரிவில் முன்னரே கேட்டறியுங்கள்.

வேலைக்காக இடம்பெயரும் குடும்பங்கள் இரண்டு செய்திகளை நினைவில் கொள்க. இலவசக் கட்டாயக் கல்விச் சட்டப்படி, மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாயிற்று என்றோ, வயதுச் சான்று இல்லை என்றோ காரணம் காட்டி, 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைக்குப் பள்ளியில் இடம் மறுக்கலாகாது. மருத்துவக் குறிப்பேட்டையும் பயணப் பையில் எடுத்துச் செல்லுங்கள். 21 நாள் ஊசியை எந்த அரசு மருத்துவமனையில் கேட்பதற்கும் அந்த ஏடே ஆதாரம். இருளர் குடும்பங்களின் பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழை இளவயதிலேயே பெற்றுவிடுவது, விடுதிக்கும் உதவித்தொகைக்கும் மேற்படிப்புக்கும் வழிதிறக்கும்.

உடல்நல ஆலோசனைக்கு 104, அவசர ஊர்திக்கு 108, ஆபத்திலுள்ள அல்லது வேலைக்கு அனுப்பப்பட்ட குழந்தையின் பொருட்டு 1098 ஆகிய எண்களைச் சுவரில் எழுதிவையுங்கள்.

அடுத்தமுறை எங்கள் வெளிநோயாளர் பிரிவுக்கு வரும்போது, குழந்தையின் மருந்துச் சீட்டோடு பள்ளியின் பெயரையும் வகுப்பையும் சொல்லுங்கள். உங்களுக்கு வேலை எந்த மாதங்களில் உண்டு, எந்நாளில் வர இயலாது என்பதையும் தயங்காமல் கூறுங்கள். உங்களால் வர முடிந்த நாளைக் கேட்டு, அதற்கேற்பத் தேதி குறித்துத் தர நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.