நேற்றைய பிரெட் ஏன் குழைவதில்லை?

அரூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "பிரெட்டை முட்டை, பால், சர்க்கரைக் கலவையில் ராத்திரி முழுக்க ஊறவைத்து, காலையில் தட்டோடு ஓவனில் வைக்கிறார்கள். ஃப்ரெஞ்ச் டோஸ்ட் கேஸரோலாம். நேற்று வாங்கின பிரெட்தான் வேண்டும் என்று எல்லா வீடியோவிலும் சொல்கிறார்கள். நானும் முந்தின நாள் வாங்கின பாக்கெட் பிரெட்டைத்தான் போட்டேன். கஞ்சியாகிவிட்டது. ஏன்?"

பெயரைக் கண்டு மிரள வேண்டாம். நம்மூர் பாம்பே டோஸ்ட்தான் இது. துண்டு துண்டாகக் கல்லில் திருப்பிப் போடாமல் மொத்தமாகச் சுடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்கு வீடு நிறைய ஆட்கள் பசியோடு உட்கார்ந்திருக்கும்போது அடுப்படியில் நிற்க வேண்டியதில்லை என்பதைத் தவிர, வீடியோக்களில் சொல்லும் மற்ற பெருமைகளை நான் நம்பவில்லை. ஆனால் நேற்றைய பிரெட் பற்றிய பேச்சில் விஷயம் இருக்கிறது.

வரலாறு கேட்பவர்களுக்காக ஒரு பத்தி. பாலில் நனைத்த ரொட்டியைப் பொரித்துத் தேன் ஊற்றும் குறிப்பு, அபிசியஸ் பெயரில் வழங்கும் ரோமானியச் சமையல் நூலிலேயே உண்டு. ஹைதராபாத்தின் டபுள் கா மீட்டா அங்கிருந்து வந்தது என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டுப் போகலாம். மீந்த ரொட்டியைப் பாலில் போட யாரும் யாருக்கும் கற்றுத்தர வேண்டியதில்லை. உருப்படியான தகவல் 1852இல்தான் வருகிறது. ஈரம் வெளியே போகாதபடி அடைத்து வைத்தாலும் ரொட்டி விறைக்கிறது, சூடாக்கினால் திரும்ப மெத்தென்று ஆகிறது என்று பூசெங்கோ என்ற பிரெஞ்சு வேதியியலாளர் காட்டினார். ஆக, விறைப்பது வேறு, காய்வது வேறு.

அப்படியென்றால் விறைப்பது எது? மாவுச்சத்து. கோதுமையில் அதன் கால் பங்கு அமைலோஸ், அநேகமாகக் கிளையில்லாத ஒற்றைச் சங்கிலி. மீதி அமைலோபெக்டின், கிளை கிளையாகப் பிரிந்தது. இனி ஒரு கல்யாண மண்டபத்துக்குள் நுழைவோம். பேக்கரி அடுப்பின் சூட்டில் மேளம் கொட்டுகிறது. சொந்தபந்தமெல்லாம் கலைந்து, யார் பக்கத்தில் யார் என்றில்லாமல் நிற்கிறது. தண்ணீர் மூலக்கூறுகள் ஜக்கைத் தூக்கிக்கொண்டு நடுவில் ஓடுகின்றன. புதுப் பிரெட்டின் மென்மை இதுதான். மேளம் ஓய்ந்ததும் முதலில் ஒதுங்குபவர்கள் கட்டைப் பிரம்மச்சாரிகளான அமைலோஸ்கள். பிரெட் ஆறுகிற சில மணி நேரத்துக்குள் மூலையில் சீட்டாட உட்கார்ந்துவிடுவார்கள். அமைலோபெக்டினோ பெரிய குடும்பம். பெட்டி, பிள்ளைகள், பாட்டி என்று எல்லாவற்றையும் தேடிப் பிடித்து ஓரிடத்தில் சேர நாள் கணக்கில் ஆகும். சேர்ந்து நெருக்கி உட்கார்ந்தபின், ஓடிக்கொண்டிருந்த தண்ணீரையும் கையைப் பிடித்து நடுவில் உட்கார வைத்துவிடுவார்கள். தண்ணீர் மண்டபத்தை விட்டுப் போகவில்லை. பந்தி வேலைக்குத்தான் வரவில்லை. பிரெட் காய்ந்துவிட்டது என்று நாக்கு ஏமாறுவது இங்கேதான்.

குளிரடித்தால் இன்னும் சீக்கிரம் நெருங்கி உட்காருவார்கள். ஃப்ரிட்ஜின் 4 டிகிரியை ஒட்டித்தான் பிரெட் மிக வேகமாக விறைக்கிறது. ஃப்ரீஸரின் மைனஸ் 18இல் யாராலும் நகர முடியாது, நின்றவர்கள் நின்றபடி. (தருமபுரிக்காரர்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. ராத்திரி கிண்டிய கேழ்வரகுக் களி காலையில் இறுகிக் கிடப்பதும் இதே சங்கதிதான்.)

இப்போது தட்டுக்கு வருவோம். புதுப் பிரெட்டில் துளைகளின் சுவர் தொளதொளவென்று இருக்கும். பால் பட்டதும் நசுங்கி வழியை அடைத்துக்கொள்ளும். வெளியே கூழ், உள்ளே வெறும் பிரெட். நேற்றைய சுவர் விறைத்து நிற்பதால் பால் நடுவரை போகிறது. எனக்குப் பிடித்த இடம் இதற்கு அடுத்தது. ஓவனில் தட்டின் நடுப்பகுதி 60 டிகிரியைத் தொடும்போது மறுபடி மேளம். அமைலோபெக்டின் குடும்பங்கள் கலைய, பிரெட் இளகுகிறது. பாலும் சர்க்கரையும் கலந்த முட்டையோ 80 டிகிரிவாக்கில்தான் நன்றாகக் கட்டிப்படும். இடையில் 20 டிகிரி தூரத்துக்குப் பிரெட்டைத் தாங்குவது யார்? அந்தச் சீட்டாட்டக்காரர்கள்தான். அவர்களை எழுப்ப 120 டிகிரிக்கு மேல் வேண்டும். ஓவன் 180இல் எரிந்தாலும் ஈரமான தட்டின் உள்ளே 100ஐத் தாண்டாது. முதல் சுடுதலிலேயே இறுகிப்போன குளூட்டனும் கூட நிற்கிறது. முட்டை வந்து பொறுப்பேற்கும்வரை இவர்கள் இருவரும்தான்.

வாசகியின் தட்டில் என்ன கோளாறு? பாக்கெட்டின் பின்பக்கத்தைப் பார்க்கச் சொல்வேன். 1100 என்ற எண் இருந்தால் அது அமைலேஸ் நொதி. பிரெட் விறைக்காமலிருக்கச் சேர்க்கும் வகை, அமைலோபெக்டின் கிளைகளின் நுனியைக் கத்தரித்துவிடும். கோத்துக்கொள்ளக் கையில்லாத குடும்பம் எப்படிக் கூடும்? 471 என்றால் கொழுப்பு வகை எமல்சிஃபையர், அது அமைலோஸைப் பிடித்துக்கொள்ளும். இப்படிப்பட்ட பிரெட்டுக்கு நேற்றும் இன்றும் ஒன்றுதான். உள்ளூர் பேக்கரியில், இந்தச் சேர்மானம் எதுவும் இல்லாமல் சுட்டதாக இருந்தால் அறிவுரை பலிக்கும். இல்லையென்றால் பழசாகும்வரை காத்திருக்காமல் காயவைத்துவிடலாம். பிரெட்டின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர்தான். அதில் கொஞ்சம் போனால் அந்த இடத்தில் பால் ஏறும். துண்டுகளை ஃபேனுக்கடியில் பரப்பலாம், அல்லது சிறு தீயில் தோசைக்கல்லில் மொரமொரப்பாகும்வரை வாட்டலாம்.

நேற்றைய பிரெட் சர்க்கரை நோய்க்கு நல்லது என்று இதற்குள் வாட்ஸ்அப்பில் ஒருவர் கிளம்பியிருப்பார். கூடி உட்கார்ந்த மாவுச்சத்து செரிக்கத் தாமதமாகும் என்பது உண்மைதான். உறையவைத்து எடுத்த பிரெட் ரத்தச் சர்க்கரையைக் குறைவாக ஏற்றியதாக 2008இல் ஓர் ஆய்வு வந்தது. அதில் கலந்துகொண்டவர்கள் பத்தே பேர். அதை நம்பி இந்தத் தட்டில் அரை கப் சர்க்கரையைக் கொட்டுவது என்ன கணக்கோ.

செய்து பார்க்க விரும்பினால் 400 கிராம் பிரெட்டுக்கு அரை லிட்டர் பால், ஆறு முட்டை. பச்சை முட்டை கலந்த பால் அரூர் வெயில் காலத்தில் ராத்திரி முழுக்க வெளியே இருக்கக் கூடாது. ஃப்ரிட்ஜுக்குள்தான் ஊற வேண்டும். ஓவன் இல்லாதவர்களுக்கு இட்லிப் பானை போதும். ஆவியில் முட்டை கட்டிப்படும், ஆனால் மேலே சிவக்காது. சிவக்க 140 டிகிரியை ஒட்டிய வறண்ட சூடு வேண்டும். ஆறியதும் துண்டு போட்டு, நெய் தடவிய தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் போட்டெடுத்தால் அதுவும் கிடைத்துவிடும்.