குருதியில் சுண்ணச்சத்து மிகுதல்

அளவு மிகினும் குன்றினும் பிணி தோன்றும் என்பதை ‘மருந்து’ அதிகாரத்தின் முதற் குறளிலேயே வள்ளுவர் உணர்த்தினார். வளி முதலிய மூன்றைக் குறித்து அவர் கூறிய அவ்வுண்மை, கால்சியம் என்னும் சுண்ணச்சத்துக்கும் பொருந்துவதை நாம் காண்கிறோம்.

நம் உடலிலுள்ள சுண்ணச்சத்தில் ஏறத்தாழ 99 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும் தங்கியுள்ளது. எஞ்சிய சிறு பகுதியே தசை சுருங்கவும் நரம்பு இயங்கவும் இதயம் துடிக்கவும் துணை செய்கிறது. 100 மில்லிலிட்டர் குருதிநீரில் அது 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரை இருத்தல் பொதுவாக இயல்பெனக் கொள்ளப்படும். கழுத்தில் தைராய்டுச் சுரப்பியின் பின்னே, பெரும்பாலோர்க்கு நான்காக அமைந்த பாராதைராய்டுச் சுரப்பிகள் இவ்வளவைக் காக்கின்றன. மனித உடலில் இவற்றை 1880-இல் கண்டு விளக்கியவர், சுவீடன் நாட்டு மருத்துவ மாணவராயிருந்த இவார் சாண்ட்ஸ்ட்ரோம் ஆவார்.

இம்மிகுதிக்குப் பெருங்காரணங்கள் இரண்டு. நடமாடும் நிலையிலுள்ளோரிடம் பாராதைராய்டுச் சுரப்பியின் மிகைச் செயலே பெரிதும் காணப்படுகிறது. மருத்துவமனையில் படுத்திருப்போரிடமோ புற்றுநோயே முதன்மைக் காரணமாகிறது. சில புற்றுக்கட்டிகள் அச்சுரப்பியின் நீரை ஒத்த பொருளைச் சுரந்து எலும்பைக் கரைக்கின்றன. சில எலும்பிலேயே பரவி அதனை அரிக்கின்றன. அளவிறந்த வைட்டமின் டி, தயசைடு வகைச் சிறுநீர்ப்பெருக்கி மாத்திரைகள், லித்தியம், காசநோய், நெடுநாள் அசைவற்றுக் கிடத்தல் ஆகியனவும் காரணமாகலாம்.

இதன் அறிகுறிகள் தனித்தன்மை உடையன அல்ல. இடர்ப்பாடு அங்கேதான் உள்ளது. சுண்ணச்சத்து மிகுந்தால் சிறுநீரகம் நீரைத் தேக்கும் ஆற்றலை இழக்கிறது. சிறுநீர் மிகுதியாகப் பிரிகிறது; தாகம் வாட்டுகிறது; உடல் வறள்கிறது. வறட்சியால் சுண்ணச்சத்து மேலும் ஏறுகிறது. பசியின்மை, வாந்தி, மலச்சிக்கல், தசைத் தளர்ச்சி ஆகியவை தொடர்கின்றன. பின்னர் மறதியும் குழப்பமும் தோன்றி, உறக்கம் மிகுந்து, நினைவிழப்பு வரை செல்லக்கூடும்.

நோயுற்ற முதியவர் பேச்சுத் தடுமாறினால், “வயதாகிவிட்டது, கவலையால் இளைத்துவிட்டார்” என்று நாம் ஆறுதல் சொல்லிக்கொள்கிறோம். எளிய குருதிச் சோதனையொன்று அக்கூற்றைப் பொய்யாக்கக்கூடும். குருதியில் அல்புமின் என்னும் புரதம் குறைந்திருப்பின், அதற்கேற்ப அளவைத் திருத்திக் காணுதல் வேண்டும். 14 மில்லிகிராமைக் கடந்தால் அது உடனடி மருத்துவம் வேண்டும் நிலை. சிரை வழியே உப்புநீர் ஏற்றி வறட்சியைப் போக்குதல் முதற்பணி. மூலநோயைக் கண்டு தீர்த்தல் அடுத்தது.

ஆதலின், நோயாளி உட்கொள்ளும் மாத்திரைகள் அனைத்தையும், சத்து மாத்திரைகள் உட்பட, மருத்துவரிடம் மறையாது உரைப்போமாக. முதியோரின் தளர்ச்சியை முதுமை என்று முடிவுகட்டுமுன், காரணம் வினவுவது நம் கடமையாகும்.