தோல்வியறியாப் புரவி

குதிரைப் பந்தயம் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நம்மில் பலர் முகஞ் சுளிப்பர். அச்சொல்லோடு பணயமும், பணயத்தோடு கடனும், கடனோடு குடும்பத்தின் கண்ணீரும் நினைவுக்கு வருதல் இயல்பே. அந்த வெறுப்பை நான் குறை கூற மாட்டேன். ஆயினும், பந்தயத்தில் பணம் கட்டுபவன் வேறு. ஓடுகின்ற குதிரை வேறு. குதிரைக்குப் பணயமும் தெரியாது, பரிசும் தெரியாது. அது அறிந்ததெல்லாம் தன் கால்களும், தன் மூச்சும், தன்னைப் பேணுகின்ற மனிதரின் கையுமே. அவ்வாறு ஓடி, 25 பந்தயங்களில் 25 வெற்றி பெற்று, ஒரு தோல்வியும் காணாமல் ஓய்வு பெற்ற ஒரு பெட்டைக் குதிரையைப் பற்றி இன்று சொல்ல விரும்புகிறேன். அதன் பெயர் பிளாக் கேவியார். அதன் நாடு ஆஸ்திரேலியா.

அக்குதிரை 2006ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள், விக்டோரியா மாநிலத்தில் நகாம்பி என்னும் சிற்றூருக்கு அருகில் பிறந்தது. தந்தை பெல் எஸ்பிரி, தாய் ஹெல்சிங்கே. 2008ஆம் ஆண்டில் மெல்போர்ன் நகரத்து ஏலத்தில், பீட்டர் மூடி என்ற பயிற்சியாளர் அதனை 2,10,000 ஆஸ்திரேலிய டாலருக்கு எடுத்தார். நண்பர்கள் சிலர் கூட்டாகப் பணம் போட்டு அதற்கு உரிமையாளர் ஆயினர். கேவியார் என்பது மீன் முட்டையினால் ஆன விலையுயர்ந்த உணவு. இளஞ்சிவப்புத் துணியில் கரும்புள்ளிகள் இட்ட சட்டையை அணிந்தே அதன் மீது சவாரி செய்வோர் களத்தில் இறங்கினர். பிற்காலத்தில் அந்தப் புள்ளிச் சட்டை நாடு முழுதும் அறிந்த அடையாளமாயிற்று.

இவ்விடத்தில் இரண்டொரு செய்திகளை விளக்குதல் நலம். ஆஸ்திரேலியாவில் பந்தயக் குதிரைகள் எல்லாவற்றிற்கும் ஆகஸ்டு முதல் நாளே பிறந்த நாளாகக் கொள்ளப்படுகிறது. எந்த மாதத்தில் பிறந்திருந்தாலும் அன்று ஒரு வயது கூடிவிடும். நான்கு வயதை எட்டாத பெட்டையை ‘பில்லி’ என்றும், அதன் பின்னர் ‘மேர்’ என்றும் அங்கே அழைப்பர். பந்தயங்களிலும் வகையுண்டு. 3,200 மீட்டர் வரை நீளும் ஓட்டங்கள் உள; 1,000 மீட்டரில் முடிந்துவிடுவனவும் உள. நம் குதிரை குறுந்தொலைவு ஓட்டத்திற்கென்றே பிறந்தது. அதன் வாழ்நாளில் 1,400 மீட்டருக்கு மேற்பட்ட பந்தயம் எதிலும் அது ஓடியதில்லை.

குறுந்தொலைவு ஓட்டம் எளிதன்றோ என்று சிலர் கருதலாம். உண்மையில் உடலின் ஒவ்வோர் உறுப்பையும் ஒரு நிமிஷத்திற்குள் எல்லை வரையில் வருத்துவது அது. லாயத்தில் அமைதியாக நிற்கும் குதிரையின் இதயம் நிமிஷத்திற்கு முப்பது, நாற்பது முறை துடிக்கும். முழு வேகத்தில் அதே இதயம் 220 தடவைக்கு மேல் துடிக்கிறது. மண்ணீரல் சுருங்கித் தான் சேமித்து வைத்திருந்த சிவப்பணுக்களை இரத்தத்தில் கலக்கிறது. நான்கு கால் பாய்ச்சலின்போது ஒரு தாவலுக்கு ஒரு மூச்சு என்ற கணக்கு. இடையில் தனியாக மூச்சு வாங்க வழியில்லை. முன்னங்கால்களில் ஒன்று தரையில் ஊன்றும் அந்தக் கணத்தில், உடல் எடையைப் போல் இரண்டு மடங்கிற்கும் மேலான பளு அந்த ஒரு காலின் மீது இறங்குகிறது. இவ்வளவையும் தாங்குகின்ற அக்காலிலோ, முழங்காலுக்குக் கீழே தசையே கிடையாது. எலும்பும், நாரும், தோலும், குளம்புமே உண்டு. பந்தயக் குதிரையின் பெருமைக்கும் துன்பத்திற்கும் இந்த அமைப்பே காரணம் எனலாம்.

2009ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள், மெல்போர்னின் பிளெமிங்டன் களத்தில் இரண்டு வயதுப் பெட்டையாக அது முதன்முதல் ஓடிற்று. தூரம் 1,000 மீட்டர். இரண்டாவதாக வந்த குதிரைக்கும் அதற்கும் இடையே ஐந்து குதிரை நீளம் இருந்தது. பார்த்தவர் வியந்தனர், இனி மாதந்தோறும் இதனைக் காணலாம் என்று எண்ணியிருப்பர். அங்ஙனம் நடக்கவில்லை. அவ்வாண்டின் பிற்பகுதியில் மார்புத் தசையில் காயம் ஏற்பட்டது. அது ஆறி, 2010 ஜனவரியில் மீண்டும் ஓடி வென்ற பின்னர், காலின் நாரில் ஊறு நேர்ந்தது. பில்லியாக இருந்த காலம் முழுவதிலும் அது ஓடியவை ஐந்து பந்தயங்களே. ஐந்திலும் வெற்றிதான், ஆயினும் ஓடிய நாட்களினும் ஓய்ந்திருந்த நாட்களே மிகப் பல.

பயிற்சியாளர் மூடியின் மேன்மை இங்கேதான் விளங்குகிறது என்பது என் கருத்து. கையில் இப்படிப்பட்ட குதிரை கிடைத்தவனுக்குப் பொறுமை அரிது. வயது ஏறிக்கொண்டே போகிறது, பரிசுகள் காத்திருக்கின்றன, உரிமையாளர்கள் ஆவலோடு இருக்கின்றனர். ‘இன்னும் ஒரு பந்தயம்’ என்ற ஆசையைத் தள்ளி, ஏறத்தாழ ஒன்பது மாதம் அதனைப் பந்தயக் களத்துக்கே கொண்டு வராமல் வைத்திருந்தார் அவர். நெடுங்காலம் பள்ளியில் இருந்தவன் என்ற முறையில் நான் கண்டறிந்த உண்மை ஒன்றுண்டு. மந்த புத்தியுள்ள பிள்ளையிடம் பொறுமை காட்டும் ஆசிரியர் பலர். கூர்மையான பிள்ளையிடம் பொறுமை காட்டுபவர் சிலரே. திறமையைக் கண்டதும், அதனை உடனே பிறருக்குக் காட்டிவிட வேண்டும் என்ற வேட்கை நம்மைப் பற்றிக்கொள்கிறது. விளைவது யாதெனில், பழுக்க வேண்டியது வெம்பி விடுகிறது.

2010 அக்டோபரில் முழு வளர்ச்சி பெற்ற குதிரையாகப் பிளாக் கேவியார் திரும்பி வந்தது. அடுத்த மாதமே பிளெமிங்டனில் முதல் வகுப்புப் பந்தயம் ஒன்றை வென்றது. 2011 மார்ச்சில் நியூமார்க்கெட் ஹாண்டிகாப் என்னும் பந்தயம். இவ்வகைப் பந்தயத்தில் சிறந்த குதிரைக்கு அதிகப் பளுவும், தாழ்ந்ததற்குக் குறைந்த பளுவும் ஏற்றி வாய்ப்பைச் சமமாக்குவர். 58 கிலோ சுமந்து, 1,200 மீட்டரை 1 நிமிஷம் 7.36 விநாடியில் அது கடந்தது. அக்காலத்தில் ஹே லிஸ்ட் என்ற மற்றொரு சிறந்த குதிரையும் இருந்தது. பல தடவை இதனிடம் தோற்றது அது. எனினும் 2012 பிப்ரவரியில் இதற்கு அடுத்ததாக வந்த அதே ஹே லிஸ்ட், இது கலந்துகொள்ளாத அவ்வாண்டு நியூமார்க்கெட் பந்தயத்தை வென்றது. எதிரியின் வலிமையை அறிந்தால்தான் வெற்றியின் அளவு புலப்படும்.

இனி அதன் வாழ்வின் மிகக் கடினமான நாளுக்கு வருவோம். 2012ஆம் ஆண்டு இங்கிலாந்து அரசியின் வைர விழா ஆண்டு. அதையொட்டி ஆஸ்காட் களத்தின் பெரும் பந்தயம் ஒன்றுக்கு வைர விழாப் பெயர் சூட்டப்பட்டது. தன் நாட்டில் வெல்வதற்கு எஞ்சியது இல்லை என்ற நிலையில், உலகின் மறுகோடிக்கு விமானத்தில் சென்றது பிளாக் கேவியார். ஒரு நாளுக்கும் அதிகமான அப்பயணத்தில், இரத்த ஓட்டம் சீராக இருக்கும் பொருட்டு, உடலை இறுகப் பிடிக்கும் தனி உடை ஒன்று அதற்கு அணிவிக்கப்பட்டது. ஜூன் 23ஆம் நாள் பந்தயம். ஆஸ்திரேலியாவில் அப்போது இரவு. மக்கள் உறங்காமல் கண் விழித்துக் காத்திருந்தனர்.

ஆஸ்காட்டின் நேர் ஓடுபாதை முடிவை நோக்கி மேடாக ஏறுவது. குதிரை முன்னணிக்கு வந்துவிட்டது. வெற்றி உறுதி என்று கருதி, கோட்டை எட்டுவதற்கு முன்னரே சவாரியாளர் லூக் நோலன் ஊக்குவதை நிறுத்திவிட்டார். அக்கணமே குதிரையின் வேகம் தளர்ந்தது. பிரான்சிலிருந்து வந்த மூன்லைட் கிளவுட் என்ற பெட்டை விரைந்து நெருங்கியது. நோலன் திடுக்கிட்டு மீண்டும் ஊக்கினார். இரண்டும் ஒருசேரக் கடந்தன போலத் தோன்றிற்று. புகைப்படத்தைப் பார்த்த பின்னரே, ஒரு தலை அளவில் பிளாக் கேவியார் வென்றது எனத் தெரிந்தது. அரசியார் தாமே வந்து அதன் முகத்தைத் தடவிக் கொடுத்தார்.

செய்தித்தாள்கள் நோலனைக் கடுமையாகச் சாடின. அவரும் தம் பிழையை மறைக்கவில்லை. ஆனால் பின்னர் மருத்துவர்கள் சோதித்தபோது வேறோர் உண்மை வெளிப்பட்டது. குதிரையின் பின்தொடைத் தசை கிழிந்திருந்தது. இடுப்புப் பகுதியிலும் காயம் இருந்தது. தன் வழக்கமான ஆற்றலில் பாதியை இழந்த உடம்போடு, தூண்டுவாரும் இல்லாத அந்தச் சில தாவல்களை அது தானாகவே ஓடி முடித்திருக்கிறது. அந்தத் தலை அளவு வெற்றியை முந்தைய பெரு வெற்றிகளினும் நான் உயர்வாக மதிக்கிறேன். அதே சமயம் என் மனத்தில் ஒரு கேள்வியும் எழுகிறது. அவ்வளவு தூரம் அதனை அழைத்துச் சென்றது யாருடைய ஆசை? குதிரையின் ஆசையன்று. நாம் விரும்பிய பெருமைக்கு அது தன் உடம்பால் விலை கொடுத்தது. இதனை மறந்து கைதட்டுதல் நேர்மையாகாது.

காயம் ஆறும்வரை மீண்டும் நெடிய ஓய்வு. 2013 பிப்ரவரியில் பிளெமிங்டனுக்குத் திரும்பி, 1,000 மீட்டரை 55.42 விநாடியில் ஓடி, 1988ஆம் ஆண்டிலிருந்து நிலைத்திருந்த களச் சாதனையை முறியடித்தது. கணக்கிட்டுப் பார்த்தால் மணிக்கு 65 கிலோமீட்டர் வேகம். ஏப்ரல் 13ஆம் நாள் சிட்னியின் ராண்ட்விக் களத்தில் 25ஆவது வெற்றி. முதல் வகுப்புப் பந்தயங்களில் அது 15ஆவது. நான்கு நாட்கள் கழித்து ஓய்வு அறிவிக்கப்பட்டது. இன்னும் ஓட வலுவிருந்தது. ஆயினும் குதிரை தன் கடமைக்கு மேலாகவே செய்துவிட்டது என்று உணர்ந்து நிறுத்தினர். நான்கு ஆண்டுகளில் அது பந்தயத்தில் ஓடிய நேரம் முழுவதையும் கூட்டினால் அரை மணிக்கும் குறைவே! எஞ்சிய காலமெல்லாம் பயிற்சியும், பராமரிப்பும், காத்திருத்தலும்.

அதன் பின்னர்த் தாயாகிக் குட்டிகளை ஈன்று வாழ்ந்த அக்குதிரை, 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள், பதினெட்டாம் பிறந்த நாளுக்கு முந்தைய நாளன்று மறைந்தது. குளம்பின் உட்புறத்தை எலும்போடு பிணைக்கும் மெல்லிய அடுக்குகள் அழற்சியுறும் நோய் அதனைப் பற்றியது. நிற்பதே வேதனையாகிவிடும் கொடிய நோய் அது. குதிரையோ நின்றே வாழும் பிராணி. மேலும் துன்புற விடாமல் மருத்துவர் அதன் உயிரை அமைதியாக அடங்கச் செய்தனர். காற்றை வென்ற கால்களே இறுதியில் அதனைத் தாங்க இயலாமற் போயின.

பிறந்த ஊராகிய நகாம்பியில் அதற்கு வெண்கலச் சிலை நிற்கிறது. குழந்தைகள் அதனைத் தொட்டுப் பார்க்கின்றனர். அவர்களுக்கு நான் ஏதேனும் கூற நேர்ந்தால், 25 வெற்றிகளைப் பற்றி முதலிற் கூற மாட்டேன். காயம்பட்ட இளங்குதிரையை அவசரப்படுத்தாமல் காத்திருந்த அந்த ஒன்பது மாதங்களைப் பற்றியே கூறுவேன். ஆற்றல் பிறவியிலே வருவது. அதனைக் கெடாமல் வளர்ப்பது பேணுவோரின் பொறுப்பு. லாயத்திற்கும் பள்ளிக்கும் வீட்டிற்கும் இது பொருந்தும்.