சாப்பாடு போட்டுக் கொல்லாதீங்க!

பறக்காத பறவை எது என்று கேட்டால் 'நெருப்புக்கோழி' என்போம். பின் பெஞ்ச் நண்பன் 'ஈமு' என்பான். இன்னொருத்தர் இருக்கிறார். பேரு காசோவரி. ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து மாநிலத்தின் வடகிழக்கு மழைக்காடுதான் இவருக்கு ஊர்.

ஆள் உயரம். பெண் பறவை 70 கிலோவைக்கூடத் தாண்டும். கறுப்பு இறகு, நீலக் கழுத்து, தொங்கும் சிவப்புத் தாடி, தலையில் ஹெல்மெட் மாதிரி ஒரு கவசம். காலின் உள்விரல் நகம் மட்டும் 12 செ.மீ. வரை வளரும். கத்தியேதான்! முட்டை போட்டதும் அம்மா டாட்டா காட்டிவிடும். சுமார் 50 நாள் அடைகாத்து, ஒன்பது மாதம் போல குஞ்சுகளை வளர்ப்பது அப்பாதான்.

இந்தப் பறவைக்குக் காட்டில் ஒரு வேலை உண்டு. பழத்தை முழுசாக விழுங்கி, கொட்டையை எங்கோ தூரத்தில் எச்சத்தோடு போடும். ரைபரோசா என்ற மரத்தின் விதை சும்மா விழுந்தால் 100-க்கு 4 தான் முளைக்கிறது. காசோவரியின் வயிற்றுக்குள் போய் வந்தால் 92 முளைக்கிறது! பெரிய கொட்டையுள்ள பல மரங்கள் இதை நம்பித்தான் இருக்கின்றன.

இப்போ சிக்கலுக்கு வருவோம். சமவெளிக் காட்டை அழித்துக் கரும்பும் வாழையும் போட்டார்கள். அப்புறம் வீடு வந்தது, ரோடு வந்தது. மிச்சக் காடு துண்டு துண்டாகிவிட்டது. ஒவ்வொரு மரமும் ஒவ்வொரு மாதம் பழுக்கும். பழத்தைத் தேடி ஒரு துண்டிலிருந்து இன்னொரு துண்டுக்குப் போக, ஓடைக்கரை மரங்களின் ஓரமாக நடக்கிறது. நடுவே ரோடு குறுக்கிட்டால் கார் அடிக்கிறது. ஊருக்குள் வந்தால் நாய் கடிக்கிறது. மிஷன் பீச் என்ற ஊரில் யாரோ ஒரு குறும்புக்காரர் வேகத்தடை போர்டில் கொஞ்சம் பெயிண்ட் அடித்து, அந்த மேட்டையே அடிபட்டுக் கிடக்கும் காசோவரியாக மாற்றிவிட்டார். சிரிப்பு வரும், உடனே வயிற்றைக் கலக்கும்.

இதைவிட மோசம் நம்ம இரக்கம்! காரை நிறுத்தி வாழைப்பழம் கொடுக்கிறோம். 'கார் வந்தா சாப்பாடு' என்று பறவை கற்றுக்கொண்டு ரோட்டோரமே நிற்கிறது. பயம் போய்விடுகிறது. கொடுக்காவிட்டால் விரட்டுகிறது. 1999-ல் வந்த ஓர் ஆய்வு, மனிதரைத் தாக்கிய 150 சம்பவங்களைப் பார்த்தது. அதில் முக்கால்வாசி ஏற்கெனவே ஆட்கள் தீனி போட்டுப் பழக்கிய பறவைகள் செய்தவை. ஆஸ்திரேலியாவில் காசோவரியால் ஒருவர் இறந்ததாகப் பதிவானது 1926-ல். 16 வயதுப் பையன், தம்பியோடும் நாயோடும் சேர்ந்து அதை அடிக்கப் போனபோது நடந்தது. இப்போது குயின்ஸ்லாந்தில் காட்டுக் காசோவரிக்குத் தீனி போடுவது சட்டப்படி குற்றம்.

'அப்போ பட்டினி கிடக்கட்டுமா?' என்று கேட்பீர்கள். 2011 பிப்ரவரியில் யாசி புயல் மிஷன் பீச் பக்கம் கரை கடந்து, மரத்தில் ஒரு பழம் விடாமல் உதிர்த்தது. அப்போது அரசே பழம் வைத்தது. ஆனால் வீட்டு வாசலில் அல்ல. ரோட்டுக்கும் ஊருக்கும் தள்ளி, காட்டுக்குள். அதுவும் மரங்கள் மறுபடி காய்க்கும் வரைதான்.

நாளைக்கு லெவல் எடுத்து ரோடு போடப் போறது நாமதான். ஓடையைத் தாண்டி ஒரு கோடு இழுக்கும்போது, 'இந்த வழியா ஏற்கெனவே யாராவது நடந்து போறாங்களா?' என்று ஒரு தடவை கேட்டுவிட்டு இழுப்போமே!